அரை லிட்டர் நாள்

உறுவையாற்றைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஆரோக்கியசெல்விக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம். சிகிச்சைக் கட்டிலில் படுத்தபடி, ஊசி ஏறாத கையால் லேப்டாப்பில் ஒரு வீடியோ கேம் செய்தாள். அதில் அவளைப் போலவே சிறுநீரகம் செயலிழந்த ஒரு பெண் அரை லிட்டர் தண்ணீரோடு ஒரு வெயில் நாளைக் கடக்க வேண்டும்.

கல்லூரிக் கண்காட்சிப் போட்டியில் அதை ஆடிப் பார்த்த நடுவர், "கடைசியில அவளுக்குக் குணமாவுற மாதிரி மாத்தும்மா. பரிசு உனக்குத்தான்" என்றார்.

"எனக்கே இன்னும் குணமாவல சார். அதுக்காக நான் தோத்துட்டேனா இன்னா? மாத்த மாட்டேன்."

பரிசு வேறொருவருக்குப் போனது.

மறுநாள் டயாலிசிஸில், பக்கத்துக் கட்டில் வீரப்பன் அந்த கேமை ஆடினார். மத்தியானத்துக்குள் அவருக்குத் தண்ணீர் தீர்ந்துவிட்டது.

"இன்னொரு வாட்டி குடும்மா. இப்ப சாயங்காலம் வரைக்கும் தாக்குப்புடிக்கிறேன் பாரு" என்று கை நீட்டினார்.