ஹஸ்னா கண்டுபிடித்த தாவல்

மரக்காணத்தில் ஒருத்தி மொட்டை மாடியில் உப்பு விளைவிக்கப் போகிறேன் என்று சொன்னால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ரோட்டைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம்தான். ஞானாம்பாளின் அம்மா தினமும் அங்கேதான் வேலைக்குப் போகிறாள்.

"இதுக்குத்தான் பஸ் ஏறி திண்டிவனம் போயி காலேஜ் படிக்கிறீங்களா?" என்று அவளே கேட்டுவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஞானாம்பாளும் ஹஸ்னாவும் பி.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் வருஷம். வருகைப் பதிவில் இரண்டு பெயரும் அடுத்தடுத்து வருவதால் லேபிலும் ஒரே மேஜை. அதிகம் பேசாதவள் ஞானாம்பாள். அவளுக்கும் சேர்த்துப் பேசுகிறவள் ஹஸ்னா. 2006 பிப்ரவரியில் அறிவியல் தினத்துக்கு ஒவ்வொரு ஜோடியும் சொந்தமாக ஒரு சோதனை செய்து, அளவுகளைக் கம்ப்யூட்டரில் கிராஃப் போட்டுக் காட்ட வேண்டும் என்று விருத்தாம்பாள் மேடம் சொல்லியிருந்தார். கடல் தண்ணி எப்படிப் போகப் போக உப்பேறுகிறது என்று பார்க்கலாம் என்றாள் ஞானாம்பாள்.

அவள் வீடு எக்கியார்குப்பத்தில், கடலுக்குப் பக்கத்திலேயே. குடத்தில் தண்ணி எடுத்து வந்தாள். கடைத்தெருவில் இருக்கும் ஹஸ்னா வீட்டு மொட்டை மாடியில் ஒரு அகலமான நீல டப்பில் ஊற்றி வெயிலில் வைத்தார்கள். சாயங்காலம் அதில் கொஞ்சம் எடுத்து உயரமான கண்ணாடி ஜாடியில் ஊற்றி, லேபில் கேட்டு வாங்கிய, திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை மிதக்க விடுவார்கள். தண்ணியில் உப்பு ஏற ஏற அது மேலே மேலே எழும்பும். அதன் தண்டில் தண்ணி மட்டத்தில் தெரியும் அடர்த்தி டிகிரியைக் குறித்துக்கொண்டு, தண்ணியைத் திரும்பவும் டப்பிலேயே ஊற்றிவிடுவார்கள்.

ஏழு நாள் ஒழுங்காகப் போயிற்று. அப்புறம் வானூரில் ஞானாம்பாளின் பெரியப்பா மகளுக்குக் கல்யாணம் வந்தது. ஹஸ்னாவையும் விடாமல் இழுத்துக்கொண்டு போனாள். பெண்ணழைப்பு, கல்யாணம், மறுவீடு என்று நாலு நாள் டப்பை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. திரும்பி வந்ததும் மறுபடி தினமும் அளந்தார்கள்.

வீட்டுக்குக் கீழே ஹஸ்னாவின் அண்ணன் யூசுப் ஒரு பிரௌசிங் சென்டர் வைத்திருந்தார். கூட்டமில்லாத ஒரு மத்தியானம் அங்கே உட்கார்ந்து ஹஸ்னா அளவுகளை எக்ஸெலில் அடித்தாள். கிராஃப் போடும் சார்ட் விஸார்டில் 'லைன்' என்று இருந்ததைத் தட்டினாள். திரையில் கோடு வந்தது. மெதுவாக, தூங்கி வழிகிற மாதிரி ஏறிய கோடு நடுவில் ஒரு இடத்தில் சடாரென்று செங்குத்தாக எழும்பி, அப்புறம் பழையபடி அடங்கிப் போனது.

"ஞானா! இங்க பாருடி! தண்ணி தாவுது!"

ஞானாம்பாள் பார்த்தாள். தாவத்தான் செய்தது.

"ஒரு அளவு உப்பு ஏறினதும் தண்ணிக்குள்ள என்னமோ நடக்குது. இதுவரைக்கும் யாரும் பார்த்திருக்க மாட்டாங்க. அண்ணே, கலர்ல பிரிண்ட் போடுண்ணே!"

அந்த வாரம் முழுக்க ஹஸ்னா அந்தத் தாவலைப் பற்றியே பேசினாள். அதற்கு மூன்று காரணம் கண்டுபிடித்தாள். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. அதைப் பற்றி அவள் கவலைப்படவும் இல்லை.

அறிவியல் தினத்தன்று காலையில் பஸ்ஸில் இடம் கிடைத்தது. ஹஸ்னா கண்ணை மூடிக்கொண்டு பேச்சை ஒப்பித்துப் பார்த்தாள். ஞானாம்பாள் மடியில் பிரிண்டை விரித்து வைத்து, முதல் தடவையாகக் கோட்டை விட்டுவிட்டு அதற்குக் கீழே இருந்த நாட்களைப் படித்தாள். ஆறு, ஏழு, பன்னிரண்டு, பதிமூன்று.

"ஹஸ்னா."

"இரு, மறந்துடப் போறேன்."

"ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல ஒரு விரல் இடம் இருக்குது. ஏழுக்கும் பன்னெண்டுக்கும் நடுவுலயும் அதே ஒரு விரல்தான் இருக்குது."

"அதுக்கு இன்னா?"

"நடுவுல நாம கல்யாணத்துக்குப் போயிட்டோமில்ல? அஞ்சு நாள்ல ஏறினத, ஒரே நாள்ல ஏறின மாதிரி போட்டிருக்குது."

ஹஸ்னா பிரிண்டைப் பிடுங்கிப் பார்த்தாள். விரலை வைத்து அளந்தாள். அவள் முகம் சின்னதாகிப் போனது.

"ஒரு வாரமா வாய மூடிக்கினு இருந்துட்டு, இன்னிக்குத்தான் சொல்றியா?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திண்டிவனம் வருகிற வரைக்கும் பேசவில்லை. ஹஸ்னா பேசாமல் வந்த பஸ் பயணம் அது ஒன்றுதான்.

காலேஜ் கம்ப்யூட்டர் ரூமில் ஞானாம்பாள் பெரிய மன்னிப்பு எதுவும் கேட்காமல் மௌஸை எடுத்தாள். கொண்டு வந்திருந்த ஃப்ளாப்பியைப் போட்டு விஸார்டைத் திறந்து, 'லைன்' என்பதை விட்டுவிட்டு ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். 'எக்ஸ் ஒய் ஸ்கேட்டர்' என்று ஒன்று இருந்தது. அதைத் தட்டியதும் நாட்கள் தங்கள் தங்கள் இடத்துக்கு நகர்ந்துகொண்டன. கல்யாணத்துக்குப் போன நாட்கள் வெற்றிடமாக நின்றன. தாவலைக் காணோம். புள்ளிகள் எல்லாம் ஒன்றின் தோளை ஒன்று தொட்ட மாதிரி ஒரே வளைவில் நின்றன. மெல்லக் கிளம்பி, போகப் போக வேகம் பிடித்து, மேலே வளைந்து போகிற வளைவு.

ஹஸ்னா அழுவதற்குத் தயாராகத்தான் நின்றாள். ஆனால் திரையைப் பார்த்ததும் அழுகை மறந்துவிட்டது.

"இன்னாடி இது, இவ்ளோ அழகா இருக்குது!"

"தண்ணி குறையக் குறைய, மிச்சம் இருக்கிற தண்ணியில உப்பு சீக்கிரமா ஏறுது. அதான் வளையுது" என்றாள் ஞானாம்பாள்.

ஹஸ்னா பழைய பிரிண்டைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டையும் காட்டலாம்" என்றாள்.

ஹாலில் எல்லாரும் உட்கார்ந்த பிறகு அவள் முதலில் தாவலைத்தான் காட்டினாள். ஒப்பித்து வைத்திருந்த பேச்சை அப்படியே, கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். முன் வரிசையில் இருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் நிறுத்தி, "இப்ப நான் சொன்னது மொத்தமும் தப்பு" என்றாள். ஞானாம்பாள் மௌஸைத் தட்ட, வளைவு வந்தது.

"அப்போ தண்ணி தாவலையா?" என்று பின்னாலிருந்து கூடப் படிக்கிற ஜான்சன் கத்தினான்.

"தாவல. நாங்கதான் அன்னிக்கு வானூர்ல பந்தியில உக்காந்திருந்தோம்."

ஹால் முழுக்கச் சிரித்தது. விருத்தாம்பாள் மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். கைத்தட்டல் அடங்கியதும் அவர் ஒன்று கேட்டார்: "டப்பு இன்னும் மாடியில இருக்கா? எப்ப உப்புப் பூக்கும்னு இந்த வளைவை வச்சுச் சொல்ல முடியுமா?"

அந்த மாதிரி நேரத்தில் பேசுகிறவள் ஹஸ்னாதான். ஆனால் அன்றைக்கு ஞானாம்பாள் எழுந்தாள். இருபத்தைந்து டிகிரியில்தான் உப்பு படியும் என்று உப்பளத்தில் சொல்வார்கள். திரையில் வளைவை விரலால் அந்த உயரம் வரைக்கும் நீட்டிக்கொண்டு போய்ப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை மேடம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை உப்புப் பூக்கவில்லை. தண்ணி கெட்டியாக, அசையாமல் கிடந்தது. மாலை வரைக்கும் டப்பைச் சுற்றிச் சுற்றி வந்த ஹஸ்னா, "உன் வளைவும் பொய்தானா?" என்றாள்.

"உப்பு ஜாஸ்தியானா தண்ணி லேசுல காயாது போலிருக்குது. நாளைக்குப் பாரு" என்றாள் ஞானாம்பாள். சொல்லிவிட்டாளே தவிர, படியிறங்கும்போது அவளும் இரண்டு தடவை டப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் இருவரும் படியேறிப் போனபோது, டப்பின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு வரி படிந்திருந்தது. குனிந்து பார்த்தார்கள். தண்ணியின் மேலேயே சின்னச் சின்னச் சதுரங்கள் மிதந்துகொண்டிருந்தன. ஞானாம்பாள் பிறந்ததிலிருந்து மலை மலையாக உப்பைப் பார்த்தவள். ஆனாலும் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

"யா அல்லா! பூத்துடுச்சு! அண்ணே! அண்ணே! மேல வாண்ணே!" என்று ஹஸ்னா போட்ட கூச்சலில் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு யூசுப் ஓடிவந்தார். யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார். டப்பை எட்டிப் பார்த்துவிட்டு, "உப்புதானே?" என்றார்.

"உப்புதாண்ணே!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் சந்தோஷத்தைப் பார்த்து, காரணம் புரியாமலே அவரும் சிரித்தார்.

ஹஸ்னா ஒரு சதுரத்தை விரல் நுனியில் எடுத்து ஞானாம்பாள் நாக்கில் வைத்தாள். பிறகு அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கீழ வா. இந்தப் புள்ளியையும் போட்டுடலாம்."