கழுத்துவரை நிறைந்த போத்தல்

பண்டாரவளையிலிருந்து வந்து இறங்கிய களைப்போடு உதயரூபன் தோளில் கிடந்த பையைக் கூட இறக்காமல் நேரே குசினிக்குள் போனார். அடுப்புக்கு மேலே பலகைத் தட்டில் தூள் போத்தல் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் கழுத்துவரை நிறைந்திருந்தது.

போகும்போது அதன் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத்தான் கறித்தூள் கிடந்தது. மனைவி அன்னப்பூரணி வறுத்து, மில்லுக்குக் கொண்டுபோய் அரைப்பித்து வந்த கடைசித் தூள். போன வருஷம் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அவர் கடைப் பக்கற் தூளில்தான் கறி வைத்தார். எப்போதாவது இந்தப் போத்தலைத் திறந்து முகர்ந்துவிட்டு மூடி வைப்பார். அதில் ஒரு கரண்டியும் எடுத்ததில்லை.

லீவுக்கு ஒரு கிழமை சிநேகிதி வீட்டில் நாங்களும் எங்கள் வீட்டில் அவர்களுமாக வீடு மாற்றி இருப்போம் என்றது மகள் ஆர்த்திகா. வந்தாறுமூலைக் கம்பஸில் அவளோடு படித்த றமீஸா பண்டாரவளையில் கலியாணம் முடித்து இருக்கிறாள். ஏறாவூரில் அவள் உம்மாவின் வீடு நிறைய ஆட்கள். றமீஸாவின் பிள்ளைகளுக்கோ வாவியோரத்து இந்த வீட்டில் ஒரு கிழமை இருக்க ஆசை. அப்பாவை இந்த வீட்டை விட்டு வெளியே எடுக்க ஆர்த்திகாவுக்கும் ஒரு சாட்டு வேண்டியிருந்தது. மறுத்துப் பேசவும் அலுப்பாக இருந்ததால் அவர் ஓம் என்றார்.

ஓம் என்றபின் ஒன்றிலும் குறை வைக்கவில்லை. கட்டில் விரிப்பு புதிது வாங்கினார், இளநீர் குலை இறக்கி வைத்தார். இறைச்சி சமைத்தால் குறை நினைப்பீர்களா என்று றமீஸா போனில் கேட்டாள், எதற்கும் தன் சட்டியைக் கொண்டு வருவதாகவும் சொன்னாள். அவர் சிரித்து, குசினியில் கிடக்கிற எல்லாவற்றையும் எடுத்துப் பாவியுங்கள், கேட்கவே வேண்டாம் என்றார். பஸ் செங்கலடி தாண்டிய பிறகுதான் போத்தல் ஞாபகம் வந்தது. போனை எடுத்தார். வந்திருக்கிற விருந்தாளியிடம் தூளைத் தொடாதே என்று எப்படிச் சொல்வது? போனைத் திரும்பவும் சட்டைப் பைக்குள் போட்டார்.

மலையில் நல்ல குளிர். கனத்த போர்வை, யாரோ ஒருவருடைய பூப்போட்ட கோப்பைகள், விடிந்தும் விலகாத மூடுபனி. அந்த வீட்டுக் கதிரைகளில் எதுவும் அவருக்குத் தெரிந்த ஒருவர் இருந்து எழும்பிய கதிரையில்லை. எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். வெயில் ஏறும்வரை நித்திரை கொண்டார். வெளிக்கிடும்போது, குடித்து முடித்த தேயிலை டின்னைக் கடையில் வாங்கி நிரப்பி வைத்தார். அதுதானே முறை.

இப்போது போத்தலைத் திறந்தார். நல்ல தூள்தான். அவளுடையதில்லை.

ஆர்த்திகா கையில் போனோடு வந்தாள். ஸ்பீக்கரில் றமீஸா.

"அங்கிள், சுகமா வந்து சேந்தீங்களா? தூள் கொஞ்சம்தான் கிடந்த. வெறும் போத்தல வெச்சிட்டுப் போக மனம் வரல்ல. உம்மாட்ட சொல்லி இடிச்சி நிரப்பினன். ஆனா உங்கட தூள்ற வாசம் இதுல இல்ல. ஆரு அரைச்ச?"

ஆர்த்திகா போத்தலைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"வீட்டு ஆள்தான் புள்ள," என்றார் உதயரூபன்.

றமீஸா குரலைத் தாழ்த்தி, பயணம் வந்த ஆட்கள் சமைக்க மாட்டார்கள் என்று பிரிஜ்ஜில் மீன் ஆணம் வைத்துவிட்டு வந்ததாகவும், போத்தலில் மிஞ்சிக் கிடந்த அந்தப் பழைய தூளையெல்லாம் அதற்குத்தான் போட்டதாகவும் சொன்னாள்.

மூடிய சட்டிக்குள் குழம்பு உறைந்து சிவந்து கிடந்தது. அவர் அதை அடுப்பில் வைத்தார். பக்கத்து அடுப்பில் ஆர்த்திகா சோற்றுக்கு உலை வைத்தாள். சூடு ஏற ஏற வாசம் கிளம்பி, குசினியைத் தாண்டி அறைகளுக்குள் போனது. கிணற்றடியில் இருந்து அன்னப்பூரணி இப்போது உள்ளே வந்துவிடுவாள் போலிருந்தது.

"கொஞ்சம் எடுத்து வைப்பமா அப்பா?" என்றாள் மகள்.

"மீன் புள்ள. வெச்சாப் பழுதாப் போயிரும்."

அப்படிச் சொன்னாலும், வாசம் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று அடுப்பைத் தணித்து வைத்தார். சட்டியின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் எழும்பி உடைந்தன. பக்கத்தில் உலை இன்னும் கொதிக்கவில்லை.