அரை மில்லிமீட்டர்

கடைக்காரர் இரும்பு அளவுகோலை அட்டையின் மேல் வைத்தவர் எடுக்கவே இல்லை. பழைய கால்பந்து அட்டைகளுக்கு விலை சொல்வதில் கைதேர்ந்தவர், பார்த்ததும் தொகையைச் சொல்லிவிடுவார் என்று அவள் கணவன் சொல்லி அனுப்பியிருந்தான். இவரோ பூதக்கண்ணாடியை எடுத்து, படத்தில் பந்தைப் பிடிக்கத் தாவும் கோல்கீப்பரைக்கூடப் பார்க்காமல், விளிம்புகளை மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அரை மில்லிமீட்டர் குறையுது. யாரும்மா இதை வெட்டினது?"

"வெட்டலைங்க, ஓரத்தைச் சமப்படுத்தினேன். மூலையெல்லாம் பிஞ்சு பஞ்சா நின்னுச்சு. நான் பைண்டிங் கடையில இருக்கேன், பிசிறு தட்டாம வெட்டுவேன்."

"பிசிறே இல்லதான். பிஞ்ச மூலையோட கொண்டு வந்திருந்தா உங்க வீட்டுக்காரர் சொன்னதுல பாதியாவது தந்திருப்பேன். வெட்டின அட்டையை எவனும் சீந்த மாட்டான்மா. இனிமே இது வெறும் படம்."

முப்பது வருடமாக அந்த அட்டைகளோடு அவளுக்கு ஆகாது. "இதை வேக வெச்சா சோறாகுமா?" என்று கேட்காத மாதம் கிடையாது. "ஒருநாள் ஆகும் பாரு" என்பான் அவன். எட்டு வயதில் அவனுக்கு மிட்டாய்ப் பொட்டலத்தில் கிடைத்த அட்டை அந்தக் கோல்கீப்பர். படுக்கையில் விழுந்து, சிறுநீரகத்தோடு கண்ணும் போன பிறகு, அவன் சொல்வது ஒன்றுதான்: "எனக்கப்புறம் உனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். வெறுங்கையா விட்டுட்டுப் போகலைடி." அந்த நினைப்பில்தான் அவன் நிம்மதியாகத் தூங்கினான். அவளும் வாழ்க்கையில் முதல்முறையாக அட்டையின் பக்கம் சேர்ந்து, நேற்றுச் சாப்பாட்டு நேரத்தில் அதைக் கத்திக்கு அடியில் வைத்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

வீட்டில் செருப்பைக் கழற்றும் சத்தத்துக்கே அவன் தலையைத் தூக்கினான்.

"என்ன சொன்னாரு?"

"நீங்க சொன்ன விலைதாங்க. ரெண்டு நாள்ல பணத்தைத் தயார் பண்ணிட்டு வரச் சொல்றேன்னாரு."

அவன் முகம் தளர்ந்து மலர்ந்தது. அட்டையைக் கொடுத்தாயிற்று என்றே சொல்லியிருக்கலாம் என்பது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள்.

"அப்போ உன்கிட்டதான் இருக்கா? போறதுக்கு முன்னாடி ஒருதரம் கையில குடு."

தொட்டே எல்லா அட்டையையும் அடையாளம் சொல்லுகிறவனிடம் வேறொன்றைக் கொடுத்து ஏமாற்ற முடியாது. உறையிலிருந்து எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். கட்டைவிரல் வழக்கம்போல் விளிம்போடு இறங்கி, பஞ்சாய் இருந்த கீழ் மூலைக்கு வந்து நின்றது. மேலே போனது. மறுபடி இறங்கி வந்தது.

"இது நம்மளுதுதானே?"

"ஆமாங்க."

அவன் அட்டையைத் திருப்பி அடுத்த மூலையைத் தேடினான். அது விரலில் குத்தியது. பிறகு அடுத்த மூலை.