அடுத்த விதைப்புவரை கெடாது

சலவைக் கடைக்காரியைக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்த அந்த வாரத்திலேயே, அவளுடைய குறட்டை வழக்கம்போல மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கியது. அதே கட்டிலிலிருந்து, அதே தலையணை உயரத்திலிருந்து வந்தது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை, கடைசியில் கெட்டில் கொதிப்பதுபோல ஒரு விசில். கட்டிலில் ஆள் இல்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அவள் கணவர் எச்சில் கையோடு அறை வாசலில் நின்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போனார். மாடி வீட்டு டியூஷன் டீச்சர் எப்போதும்போலச் செருப்பால் தரையில் தட்டினார். ஆளே போய்விட்டாள் என்பது தட்டி முடித்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டு, விசில் ஓயும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

தான் குறட்டை விடுவதாக அவள் உயிரோடிருந்தவரை ஒப்புக்கொண்டதே இல்லை. "உங்க மூக்கு அடைச்சா அதுக்கும் நான்தானா?" என்பாள். சோப்புத் தூளிலும் நீராவியிலும் பாதி ஆயுளைக் கழித்தவள். நாற்பதைத் தாண்டியதும் மூச்சு மாடிப்படி ஏற மறுத்தது, பிறகு வாசற்படியையும் மறுத்தது. அவள் தம்பி மருந்துக் கடைக்காரன். டாக்டர் எழுதிய மாத்திரைகளை அவனே கொண்டுவந்து, அவனே உரித்து, விழுங்கும்வரை எதிரில் நின்றான். மாத்திரைகள் தம் வேலையைச் செய்தன. ஆனால் நுரையீரல் அவற்றை மதிக்கவில்லை.

லென்ஸ்காரர் ஒரு புத்தகத்தை வாங்கியது அப்போதுதான். மிகப் பழைய மூலிகை வைத்திய நூலொன்றைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, கறை, பூச்சி அரிப்பு, யாரோ கசக்கிய மூட்டைப்பூச்சி எல்லாவற்றோடும் பளபளப்பான அட்டையில் மறுபதிப்புப் போட்டிருந்தார்கள். பாதிப் பெயர்கள் அவருக்குப் புரியவில்லை. பலம், உழக்கு என்று வந்த பழைய அளவுகளைக் கண் மதிப்பில் வைத்துக்கொண்டார். மூச்சிரைப்புக்கான கஷாயம் நல்லபடியாகவே தொடங்கியது: அதிமதுரம், திப்பிலி, சுக்கு, மூன்றையும் இடித்துக் கொதிக்கவைக்க வேண்டும். பக்கத்தைத் திருப்பினால், சலித்த அடுப்புச் சாம்பலும் வேப்பிலைப் பொடியும் சேர்த்துப் பிசிறி, ஈரம் படாத நிழலில் வைத்தால் அடுத்த விதைப்புவரை கெடாது என்று முடிந்தது.

"விதைப்புன்னா என்னங்க? எனக்கு மூச்சு வாங்குது, வயல் வாங்கல" என்றாள் அவள்.

"பழைய காலத்து ஆளுங்க அப்படித்தான் எழுதுவாங்க. ஒரு பருவத்துக்குத் தாங்கும்னு அர்த்தம்."

"சாம்பலை நீங்க முதல்ல குடிங்க."

அவர் குடித்துக் காட்டினார். அவளும் குடித்தாள். ஈரம் படக்கூடாது என்பதற்காகக் கட்டிலைக் குளியலறைப் பக்கச் சுவரிலிருந்து நகர்த்தினார், ஜன்னலைச் சாத்தித் திரை போட்டார். தம்பி தலையில் அடித்துக்கொண்டான். "அத்தான், பாத்திரம் விளக்குறதை எல்லாம் எங்க அக்கா வாயில ஊத்துறீங்களே!" மாத்திரையையும் விடாமல் கொடுத்தார்கள். அந்தப் பருவம் முடியும் முன், ஒருநாள் யார் சொல்லியும் கேட்காமல் கடைக்குப் போய், ஒரு சட்டையின் காலரைத் தேய்த்துவிட்டு, இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்தாள். கஷாயம் உதவவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

குறட்டை வரத் தொடங்கியதும் தம்பி புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு மேசையில் உட்கார்ந்தான். பக்கங்களின் மூலையில் இருந்தவை பழைய தமிழ் எண்கள். லென்ஸ்காரர் இத்தனை நாளும் அவற்றை அலங்காரம் என்று நினைத்திருந்தார். தம்பி கைபேசியில் தேடி ஒவ்வொன்றாக ஒப்பிட்டான். கஷாயம் தொடங்கிய பக்கத்துக்கும் சாம்பல் பக்கத்துக்கும் நடுவில் ஒரு கொத்துத் தாள்களே இல்லை. முதல் பாதி மூச்சுக்கு, இரண்டாம் பாதி விதைநெல்லுக்கு. பதிப்பகத்துக்குப் போன் போட்டார்கள்.

"மூலப் பிரதியிலயே இல்லீங்க. எலி தின்னிருக்கு" என்றார் பதிப்பாளர்.

"அதை முன்னுரையில ஒரு வரி போட்டிருக்கலாமே?" என்றான் தம்பி.

"எலி தின்ன புத்தகம்னு போட்டா யாரு சார் வாங்குவா? சரி, மருந்து வேலை செஞ்சுதா?"

லென்ஸ்காரர் கொஞ்சம் யோசித்து, "செஞ்சுது" என்றார். பதிப்பாளர் அதை அடுத்த பதிப்பின் பின்னட்டையில் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு லென்ஸ்காரர் மதிய உணவுக்கு வீட்டுக்கு வருவதை ஒருநாளும் தவறவிடவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். குறட்டையிடம் கடைச் செய்திகளைச் சொன்னார். அது எப்போதும்போலக் காதில் வாங்கவில்லை. விருந்தாளிகளைக்கூட அந்த அறைக்குள் விடவில்லை, ஜன்னல் திரையை விலக்கவில்லை. கோடை முற்றி, வானொலியில் விதைப்புப் பற்றிய பேச்சு வரத் தொடங்கியபோது குறட்டையில் வண்டு விழுந்தது. வேறெப்படியும் அதைச் சொல்ல முடியாது. நெட்டை குட்டையானது, விசிலில் ஓட்டை கேட்டது, அறையில் பழைய அரிசியின் நெடி அடித்தது. அவர் இன்னும் சாம்பல் கரைத்துத் தலையணையில் தெளித்தார். மறுநாள் விசில் வரவே இல்லை.

"இது தங்காது அத்தான். ஜன்னலைத் திறங்க" என்றான் தம்பி.

"திறந்தா போயிடும்."

"விதையை எதுக்கு எடுத்து வைக்கிறாங்க? பார்த்துக்கிட்டு உட்காரவா?"

"உனக்கென்னடா, உனக்குக் கடை இருக்கு, பொண்டாட்டி இருக்கா. எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான்."

"எனக்கும் அக்கா ஒண்ணுதான் இருந்தா" என்று சொல்லிவிட்டு அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

முதல் மழை பெய்த மதியம் லென்ஸ்காரர் திரையைக் கழற்றி ஜன்னலின் இரண்டு கதவுகளையும் திறந்தார். உள்ளே வந்த காற்று கட்டிலை ஒரு சுற்றுச் சுற்றி, மிச்சமிருந்ததைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கியது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. அவர் வீட்டுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கடையிலேயே எதையோ கொறித்தார். மழைக்காலம் முழுவதும் மச்சானோடு பேசவில்லை.

தலைவலி மாத்திரைக்காக அவர் மருந்துக் கடைக்குப் போனது வெயில் திரும்பிய பிறகு. கல்லாவில் தலைசாய்த்துத் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டு குட்டை, ஒரு நெட்டை, விசில். ஓட்டை இல்லாத, புது விசில். சீட்டோடு நின்ற பெண்மணி, "எழுப்பட்டுமா?" என்று கேட்டாள். "கொஞ்சம் இருங்கம்மா, அவசரமா?" என்றார் லென்ஸ்காரர். அவள் முறைத்துவிட்டு வேறு கடைக்குப் போனாள். அவருக்குத் தலைவலி இருந்ததே மறந்துவிட்டது.

அடுத்தது டியூஷன் டீச்சர். அவர் தட்டுவதற்கு இப்போது கீழே ஆள் இல்லை, தட்டினால் தன்னைத்தான் தட்டிக்கொள்ள வேண்டும். பிறகு தபால்காரர், வங்கிக் காவலாளி, பிறந்து கண் திறக்காத குழந்தைகள். வருடங்கள் போகப் போக மதியத்தில் தெரு முழுவதும் ஒரே ஆள்போலத் தூங்கியது. குடிவருகிறவர்களிடம் தண்ணீர் வரும் நேரத்தோடு இதையும் சொல்லிவிடுகிறார்கள். யாரும் வாடகை குறைத்துக் கேட்பதில்லை. லென்ஸ்காரர் சாப்பிட்டதும் தெருவை ஒருமுறை மெதுவாக நடந்து முடித்து, வீடு திரும்பி, அந்தக் கட்டிலிலேயே படுத்துத் தூங்குகிறார். அவர் எப்படிக் குறட்டை விடுகிறார் என்று சொல்வதற்குத்தான் வீட்டில் ஆள் இல்லை.