இரண்டு விரல் ஓட்டை

அடுத்து விற்க வைத்திருந்த வண்டியின் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஈரத்துணியோடு சேர்ந்து என் இரண்டு விரல்களும் ஓட்டைக்குள் போயின. கேஸ் சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடியில் வட்டமாக வெட்டிய ஓட்டை. விரல் நுனியில் கொட்டகையின் காற்று பட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மணி பன்னிரண்டே கால். காலை ஒன்பது மணிக்கு மூக்குக்கண்ணாடிக்கடைக்காரரும் அவர் மனைவியும் ஓட்டிக்கொண்டு போன வண்டியிலும் இதே ஓட்டை உண்டு. அதை அடைத்தவன் நான். திறக்க மறந்தவனும் நான்தான்.

பழைய கேம்பர் வேன்களை வாங்கி, தட்டிக்கொட்டி, சாயம் பூசி விற்பது என் தொழில். உள்ளே கட்டில், அடுப்பு, சின்னத் தொட்டி, மடக்கு மேசை. ஒரு குடித்தனத்தை நான்கு சக்கரத்தில் ஏற்றிய மாதிரி. இந்தக் குடித்தனத்தில் அடுப்புக்கும் படுக்கைக்கும் நடுவே ஒன்றரை முழம்தான் இடைவெளி என்பதால் தீக்குப் பயந்துதான் எல்லாம் செய்திருப்பார்கள். அந்த ஓட்டையும் அப்படித்தான். கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது. தண்ணீர் மாதிரி தரைக்கு இறங்கித் தேங்கும். தேங்காமல் வெளியே விழுந்துவிடட்டும் என்றுதான் இரண்டு விரல் அகலத்துக்கு வழி விட்டிருக்கிறார்கள். மூடவே கூடாது. ஆனால் வாங்க வருகிறவர் கண்ணுக்கு அது வழியாகத் தெரியாது. துரு, எலி, குளிர், தூசி என்று அவரவர் பயத்துக்கு ஏற்ற மாதிரி தெரியும். விளக்கம் சொன்னால் இன்னும் மோசம். ‘கசிந்தால்’ என்ற சொல்லைக் கேட்டதும் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதை நானும் செய்வேன். வண்டி காட்டும் நாளில் அடியிலிருந்து ஒரு வட்டப் பலகையை வைத்து, சுற்றி டேப் ஒட்டிவிடுவேன். சாவி கொடுக்கும் நாளில் பிரித்துவிடுவேன். பதினோரு வருடமாக ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

இந்த முறை தப்பியதற்குக் காரணம் கண்ணாடிக்கடைக்காரரின் மனைவி, அந்த அம்மாதான் என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. தையற்கடை வைத்திருந்தவர். கழுத்தில் அளவு நாடாவோடுதான் வண்டி பார்க்க வந்தார். கட்டிலை அளந்தார், ஜன்னலை அளந்தார், கணவரை நிற்கவைத்துக் கூரையை அளந்தார். முதல் நாள் முன்கூட்டிச் சொல்லாமல் வந்தபோது, அடைத்திருக்காத ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்து, “தம்பி, இது வழியா எறும்பு முதற்கொண்டு எல்லாம் குடி வந்துடுமே” என்றார். சிரித்து மழுப்பினேன். அடுத்த தடவை வந்தபோது ஓட்டை இல்லை. அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார். முகம் தெளிந்துவிட்டது. என்னைப் போல ஜவுளிக்கடை வீட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்தத் தெளிவு போதும். அதற்காக எதையும் அடைப்பான்.

இன்று காலை சாவி கொடுக்கும்போது என் வழக்கமான பாடத்தை நடத்தினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையே உண்டு. கதவோரம் தீயணைப்பான். “முள்ளு பச்சையில நிக்குதான்னு மாசம் ஒருக்கா பாருங்கண்ணே. எரியுறப்ப தீயோட தலையில அடிக்காதீங்க, கால்ல அடிங்க.” அடுப்புக்குப் பக்கத்தில் தீப்போர்வை. “எண்ணெய் பத்திக்கிட்டா தண்ணிய ஊத்தாதீங்கக்கா, இதால மூடிட்டு வெளிய வந்துடுங்க.” கூரையில் புகை அலாரம், தரையோரம் கேஸ் அலாரம். இரண்டையும் அமுக்கிக் கத்தவிட்டுக் காட்டினேன். படுக்கைக்கு மேலிருக்கும் ஜன்னல் வழியாக எப்படி வெளியே குதிப்பது என்று நானே குதித்துக் காட்டினேன். அந்த அம்மா கைதட்டினார். அப்புறம் கண்ணாடிக்கடைக்காரர் ஆரம்பித்தார்: இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், தரைக்கு ஒரு ரப்பர் விரிப்பாவது சும்மா போடக்கூடாதா? முக்கால் மணி நேரம். கடைசியில் போட்டுக் கொடுத்தேன். சுவருக்குச் சுவர் அளவாக வெட்டி, நானே காலால் மிதித்துப் படியவைத்தேன். நான் ஜெயித்த மாதிரியும் அவர் ஜெயித்த மாதிரியும் இருவரும் முகத்தை வைத்துக்கொண்டு கைகொடுத்தோம். வண்டி வாசலைத் தாண்டியது. குனிந்து டேப்பைப் பிரிக்க வேண்டும் என்ற நினைப்பை அந்த முக்கால் மணி நேரம் தின்றுவிட்டது.

போன் செய்தேன். அவர் போன் அணைந்திருந்தது. அம்மாவுடையது அடித்து அடித்து ஓய்ந்தது. ஊரைவிட்டுப் போகிறோம், யார் தொந்தரவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தார்கள். கார் சாவியைத் தேடிக்கொண்டே ஒரு செய்தி அடித்தேன்: ‘அக்கா, பயணம் நல்லா இருக்கா? வண்டியில் ஒரு சின்ன வேலை பாக்கி. அவசரம் இல்லை. எங்கே இருக்கீங்க?’ அனுப்புவதற்குள் என் மனைவி தோளுக்குப் பின்னாலிருந்து படித்துவிட்டாள்.

“அவசரம் இல்லையா?”

“பயந்துடுவாங்கடி. ஓட்டும்போது பதறினா அது வேற வம்பு.”

“வண்டிய திருப்பிக் குடுத்துடுவாங்கன்னு பயம். அத சொல்லுங்க.” போனைப் பிடுங்க வந்தாள். “அடுப்பப் பத்தவைக்காதீங்கன்னு நாலு வார்த்தை. அதுக்கு என்ன கூச்சம்?”

கூச்சம் இல்லை, பழக்கம். சரக்கில் குறை இருக்கிறது என்பதை நேராகச் சொல்ல என் வீட்டில் யாருக்கும் வாய் வந்ததில்லை. ‘கொஞ்சம் நிறம் மாறியிருக்கும்’ என்போம். சாயம் மொத்தமும் போயிருக்கும். அனுப்பிவிட்டேன். ஏரிப் பக்கம் போகலாம் என்று காலையில் அவர்கள் பேசிக்கொண்டது நினைவிருந்தது. அந்தச் சாலையில் சமாதானங்களை அடுக்கிக்கொண்டே காரை ஓட்டினேன். ஓட்டை அடைபட்டிருந்தால் மட்டும் ஒன்றும் ஆகாது, கசியவும் வேண்டும். டியூப் புதுசு. நட்டை முறுக்கியது நான். கையாலா, ஸ்பேனராலா? சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்த்தேனா, அது போன வாரம் விற்ற வண்டியா? பதினோரு வருடத்து வண்டிகள் எல்லாம் ஒரே வண்டியாகி மண்டைக்குள் ஓடின. முன்னால் போன லாரி ஒவ்வொரு பள்ளத்திலும் குதித்தது. அது குதித்த இடத்திலெல்லாம் அந்த நட்டும் குதித்திருக்கும்.

ஒன்றே முக்காலுக்குப் பதில் வந்தது. ‘ஏரிக்கரையில் இருக்கோம் தம்பி. அவசரம் இல்லைன்னா திரும்பி வந்து பார்த்துக்கலாம். டீ போடப்போறோம்.’

சாலையோரம் நிறுத்தினேன். அழைத்தேன்; இணைப்பு கிடைக்கவில்லை. பின்னால் யாரோ ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போனார்கள். செய்தி அடித்தேன்: ‘அடுப்பு பத்த வைக்காதீங்க. கேஸ் போற வழியை நான் அடைச்சிட்டேன். வெளியே வந்துடுங்க.’ எழுதி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஒரே ஒரு டிக் விழுந்தது; அவர்களிடம் போய்ச் சேரவில்லை. இரண்டாவது டிக்கைப் பார்த்துக்கொண்டு இருந்தால் ஆகாது என்று கிளம்பினேன். ஏரி இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர். அந்தப் பன்னிரண்டிலும் நான் வேகமானியைப் பார்க்கவில்லை. தூரத்தில் மரங்களுக்கு மேலே வானத்தைத்தான் பார்த்துக்கொண்டு போனேன்.

வண்டி தண்ணீர்ப் பக்கம் முகம் வைத்து நின்றது. அந்த அம்மா இருபதடி தள்ளி மடக்கு நாற்காலியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சண்டை என்று பார்த்தாலே தெரிந்தது. கண்ணாடிக்கடைக்காரர் ஒரு கையில் கெட்டிலும் மறு கையில் லைட்டருமாகப் படியில் கால் வைத்துக்கொண்டிருந்தார். காரைத் தூரத்திலேயே போட்டுவிட்டு ஓடினேன். நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. அண்ணே என்பதை விட்டுவிட்டு ஏதோ மரியாதை இல்லாமல் கத்தியிருக்கிறேன். அவர் திகைத்துக் காலை எடுத்தார். கெட்டில் உருண்டது.

“லைட்டரத் தூக்கிப் போடுங்க! இந்தப் பக்கம் வாங்க! எந்த சுவிட்சயும் தொடாதீங்க!”

பக்கவாட்டில், வெளியிலிருந்து திறக்கும் சின்னக் கதவு வழியாக சிலிண்டர் வால்வை மூடினேன். பின்கதவு, பக்கக் கதவு, கையெட்டும் ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தேன். பிறகு வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்து நகர்ந்தேன். என் டேப் ஒரு ஓரம்கூடப் பிரியாமல் இருந்தது. நன்றாகத்தான் ஒட்டுவேன். நகத்தால் கீறி இழுத்தபோது பலகை நெற்றியில் விழுந்தது. கூடவே கனமாக, குளிர்ச்சியாக அந்த வாடை முகத்தின் மேல் இறங்கியது. மூச்சை அடக்கிக்கொண்டு பலகையோடு புரண்டு வெளியே வந்து, புல்லில் முகத்தை வைத்து இருமினேன். தலை கிறுகிறுத்தது. கசிவு ‘இருக்கலாம்’ என்ற கணக்கெல்லாம் அத்தோடு தீர்ந்தது.

எழுந்து வந்தபோது கண்ணாடிக்கடைக்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்து நீட்டினார். தரையோரத்துக் கேஸ் அலாரம்.

“இத முதல்ல மாத்திக் குடு தம்பி. வந்து நின்னதுலேர்ந்து ஒரே கத்தல். டெஸ்ட் பட்டன் மாட்டிக்கிச்சுன்னு நானே கழட்டிட்டேன். புது வண்டி மாதிரின்னு சொல்லி ரிப்பேர் சாமான மாட்டியிருக்கியே.” ஒரு பேரத்துக்கு முன்னுரைபோல இருந்தது அவர் குரல். பயம் இன்னும் அவரிடம் வந்து சேரவில்லை.

“கழட்டினா சத்தம் போகும், வாடை போகுமா?” என்று அந்த அம்மா நாற்காலியிலிருந்தபடியே சொன்னார். “புது ரப்பர் வாடைன்றாரு. நாப்பது வருஷமா அடுத்தவங்க கண்ணுக்குப் பவர் பாத்த மனுஷன், தன் மூக்குக்கு யார்கிட்ட போய் பாக்குறது? டீ வேணும்னா நீயே போட்டுக்கோன்னு வெளிய வந்துட்டேன்.”

“அலாரம் ரிப்பேர் இல்லண்ணே” என்றேன். “அது ஒழுங்காத்தான் கத்தியிருக்கு.”

அவர் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். படியைப் பார்த்தார். புல்லில் கிடந்த லைட்டரைப் பார்த்தார். மெல்ல, ஏதோ சூடான பொருளை வைப்பதுபோல, பெட்டியைத் தரையில் வைத்தார். பக்கத்தில் நாற்காலி இல்லாததால் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த அம்மா எழுந்து வந்தார். என் கையிலிருந்த வட்டப் பலகையை வாங்கி, ஓரத்தில் தொங்கிய டேப்பை விரலால் நீவிப் பார்த்தார். துணியின் தையல் ஒழுங்கைப் பார்க்கிற பார்வை.

“இத யாரு அடைச்சது?”

மூன்று பதில்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் வரிசையில் வந்து நின்றன. பழைய ஓனர் அடைத்திருப்பான். எங்கள் மெக்கானிக் புதுசு. வெளியே அனுப்பும்போது தூசிக்காகக் கம்பெனியிலேயே அடைப்பார்கள். மூன்றும் நல்ல சரக்கு. எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

“நான்தான் அக்கா” என்றேன். “காட்டுறப்ப அசிங்கமா தெரியுதுன்னு அடைப்போம். குடுக்குறப்ப பிரிச்சுடுவோம். இன்னிக்கு மறந்துட்டேன்.”

“நான் எறும்பு வரும்னு சொன்னேனே, அதுக்காகவா?”

தலையாட்டினேன்.

“அடைச்சத அன்னைக்கே பாத்தேன்” என்றார். “எனக்குப் பிடிச்சுதான் இருந்துச்சு.”

பணத்தைக் கேட்டிருக்கலாம், போலீசைக் கூப்பிட்டிருக்கலாம், செருப்பால்கூட அடித்திருக்கலாம். பலகையைக்கூடத் தூக்கிப் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். இல்லை, இங்கேயே நட்டை முறுக்கிச் சோப்பு நுரை வைத்துக் காட்டிவிட்டுப் போகிறேன் என்றும் சொன்னேன். இருவரும் திறந்த கதவுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய துணிப்பை, மாத்திரை டப்பா, கண்ணாடிக்கடைக்காரரின் மூக்குக்கண்ணாடி எல்லாம் உள்ளே இருந்தன.

ஏரியிலிருந்து காற்று எழுந்தது. எல்லாக் கதவும் திறந்த வண்டியின் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வந்தது. அந்த அம்மா தைத்து மாட்டியிருந்த மஞ்சள் திரைச்சீலைகள் ஜன்னலுக்கு வெளியே வந்து படபடவென்று அடித்துக்கொண்டன. கண்ணாடிக்கடைக்காரர் தட்டுத்தடுமாறி எழுந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிவரை போய் நின்றார். நானும் போய் நின்றேன். அந்த அம்மாவும் வந்து நின்றார். மூன்று பேரும் மூக்கை உயர்த்தி முகர்ந்துகொண்டு, அடுத்தவர் முதலில் கால் வைக்கட்டும் என்று அப்படியே நின்றுகொண்டிருந்தோம்.