காதால் நடத்திய பாடம்

மூன்று பிள்ளைகளில் பெரியவளுக்கு வேறு என்றைக்காவது தொண்டை கட்டியிருந்தால், வீடு கொஞ்சம் அமைதியாக இருக்கிறதே என்று சோபாக்காரர் உள்ளூரச் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் பிள்ளைகளின் படிப்பைச் சோதிக்க ஆய்வாளர் அம்மா வருகிற நாளாகப் பார்த்துக் கட்டியது. காலையிலிருந்து மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெந்நீர் வைத்தார். உப்புப் போட்டார். போட்டது உப்பா சர்க்கரையா என்று சந்தேகம் வந்து தானே ஒரு வாய் கொப்பளித்துப் பார்த்தார். வாசலுக்குப் போனார், வந்தார்.

“அக்காவுக்குத் தொண்டை எப்பப்பா சரியாகும்?” என்றாள் நடுப்பெண், அவர் பின்னாலேயே நடந்துகொண்டு.

“ஆயிடும்.”

“அவங்க வர்றதுக்குள்ள ஆயிடுமா?”

அக்கா மேல் என்ன பாசம் என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எதற்கும் கண் கலங்குகிற ஆசாமி அவர். பழைய சோபாவைப் பிரிக்கும்போதே கலங்குவார். அதைத் தூசி என்று சொல்லிக்கொள்வார்.

அவர் மனைவிக்குப் பேருந்து ஓட்டுகிற வேலை. பணிமனையை மாற்றும்போதெல்லாம் குடும்பமும் ஊர் மாறும். ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் புதுப்பிள்ளையாக நின்று நின்று பெரியவள் வாடிப்போனதைப் பார்த்துத்தான், இனி மூன்று பேருக்கும் வீட்டிலேயே பாடம் என்று முடிவெடுத்தார்கள். அதற்கு அனுமதி உண்டு. ஆனால் வருடம் ஒருமுறை ஆய்வாளர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் படிக்கச் சொல்வார், எழுதச் சொல்வார். திருப்தி இல்லையென்றால் அனுமதி போச்சு. பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம்தான்.

முன்னறைதான் பட்டறை, அதேதான் வகுப்பறை. ஒரு பக்கம் மேஜை. மறுபக்கம் வயிறு கிழிந்த சோபாக்கள். அவர் சோபாவுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு ரெக்சின் இழுத்து அடித்துக்கொண்டே பாடம் நடத்துவார். பெரியவள் சத்தமாகப் படிப்பாள். நடுப்பெண் அதைத் திருப்பிச் சொல்வாள். ஐந்து வயதுக் கடைக்குட்டி, வால் என்று பெயரெடுத்தவன், கேட்டதைப் படமாக வரைவான். “மூணு பேருக்கும் ஒரே பாடங்க. ஆளுக்குத் தகுந்த அளவு, அவ்வளவுதான்” என்று சோபாவுக்கு விலை கேட்க வருகிறவர்களிடம் சொல்வார். கேட்காதவர்களிடமும் சொல்வார். நடுப்பெண்ணுக்கு ரேடியோ என்று பெயர் வைத்ததும் அவர்தான். ஒருமுறை காதில் விழுந்தால் போதும். ஏற்ற இறக்கத்தோடு அப்படியே ஒப்பிப்பாள்.

“சரி, அக்காவுக்கு ஓய்வு. இன்னைக்கு ரேடியோ படிக்கட்டும்” என்று சோபாவுக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். “மழைப் பாடம்.”

பக்கம் புரளும் சத்தம் மட்டும் வந்தது.

“ம், படிம்மா.”

“தேனீக்கள் கூட்டமாக வாழ்பவை. கூட்டத்துக்கு ஒரு ராணி உண்டு…”

“மழைன்னேனே?”

“அவளுக்கு அக்கா சொல்லணும்ப்பா” என்றான் வால், கிரேயானைக் கடித்துக்கொண்டு. “அப்பத்தான் வரும்.”

அவர் எழுந்து மேஜைக்கு இந்தப் பக்கம் வந்தார். மழைப் பாடம் விரிந்துதான் கிடந்தது. விரலும் வரிமேல்தான் இருந்தது. ஆனால் ரேடியோவின் கண் புத்தகத்தில் இல்லை. அது அக்காவின் வாயில் இருந்தது.

“முதல் வரி மட்டும் எடுத்துக் குடுப்பேன்” என்றாள் பெரியவள், தேய்ந்த குரலில். “மீதியை அவளே சொல்லிடுவா. முந்தின நாள் நான் படிச்சிருப்பேன்ல?”

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“நல்லா படிக்கிறா நல்லா படிக்கிறான்னு நீதானப்பா குதிச்சே. எப்படிச் சொல்றது?”

அவர் ஒரு ஓரமாக உட்கார்ந்தார். உட்கார்ந்த இடம் பிரித்துப் போட்ட சோபா, ஸ்பிரிங் குத்தியது. எழுந்தார். மனைவிக்குப் போன் போடலாமென்றால் அவள் கையில் ஸ்டியரிங். ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் படிக்கத் தெரியவில்லை, அதை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் யோசனை சொல்லியிருக்கிறோம் என்று நினைத்தபோது காது சுட்டது.

“தேனீப் பாடத்தையே குடுத்துடுப்பா அவங்ககிட்ட” என்றாள் ரேடியோ மெதுவாக. “அது எனக்கு முழுசா வரும்.”

திட்டியிருக்க வேண்டும். சோபாக்காரர் யோசித்தார். யோசித்ததோடு நிற்காமல் புத்தகத்தைத் தேனீப் பக்கத்தில் விரித்து, மூடிக்கொள்ளாதபடி நன்றாக அழுத்தி வைத்தார். “சரி” என்றார். அழைப்பு மணி அடித்தது.

ஆய்வாளர் அம்மா ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்து, தைத்து முடித்த சோபாவில் உட்காரப் போனார்.

“அது அடுத்தவங்க சோபா” என்றான் வால். “உட்கார்ந்தா அப்பா கத்துவார்.”

“டேய்!” என்று அப்பா கத்தினார்.

அந்த அம்மா சிரித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் இல்லாத பெரியவளை எழுதச் சொன்னார், எழுதினாள். வாலை எண்ணச் சொன்னார்; நிறுத்தச் சொல்லும்வரை எண்ணினான். பிறகு விரிந்து கிடந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு, “நீ இதைப் படி கண்ணு” என்றார்.

ரேடியோ படித்தாள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ராணித் தேனீ வரும்போது குரலைக் கொஞ்சம் உயர்த்தி, அத்தனை அழகு. ஆய்வாளர் தலையைக் குனிந்து ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். சோபாக்காரர் மட்டும் பார்த்தார். பாடம் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது, பக்கம் திரும்பவில்லை.

“பிரமாதம்! சின்ன வயசுல இவ்வளவு தெளிவா யார் படிக்கிறா?” என்றார் அந்த அம்மா.

ரேடியோ சிரிக்கவில்லை. மாட்டிக்கொள்ளாமல் தப்பித்தவள் முகம் அப்படியா இருக்கும்? உதட்டைக் கடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். இப்போது வாயை மூடிக்கொண்டால் அடுத்த வருடம்வரை கவலையில்லை. அவளும் அடுத்த வருடம்வரை இப்படியே யார் வாயையாவது பார்த்துக்கொண்டிருப்பாள்.

“மேடம்” என்றார் சோபாக்காரர். “அவ படிக்கலைங்க. மனப்பாடம். அக்கா முதல் வரி எடுத்துக் குடுப்பா, மீதியை ஒப்பிச்சிடுவா. அந்தப் பக்கத்தை எடுத்து வச்சது நான்தான்.”

“நீதானப்பா சரின்னு சொன்னே!” என்று ரேடியோ அலறினாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

ஆய்வாளர் பேனாவை மூடினார். “பாடம் நடக்கிறப்ப நீங்க எங்க சார் இருப்பீங்க?”

அவர் சோபாவுக்குப் பின்னால் போய்க் குத்துக்காலிட்டுக் காட்டினார். அங்கிருந்து சோபாவின் முதுகுதான் தெரிந்தது.

“வாங்க, வெளியே வாங்க” என்றார் அந்த அம்மா. “மூணு பேரையும் ஒண்ணா உட்கார வைக்கிறதுல தப்பில்ல. ஆனா தினமும் ஆளுக்குக் கொஞ்ச நேரமாவது தனியா. கதவைச் சாத்திக்கிட்டு. கூட இருக்கறவங்க காதுக்கும் வாய்க்கும் அப்ப வேலை இருக்கக் கூடாது.”

“நான் சொல்லிக் குடுக்கறேன் மேடம்” என்று பெரியவள் கீச்சிட்டாள்.

“நீ வேண்டாம்மா. நீ எடுத்துக் குடுத்தே இவ்வளவு தூரம் வந்தாச்சு.” பிறகு சோபாக்காரரிடம் திரும்பினார். “மத்த ரெண்டு பேருக்கும் அனுமதி உண்டு. இவளுக்காகப் பள்ளிக்கூடம் திறக்கறதுக்கு முன்னாடி மறுபடி வருவேன். பக்கத்தை நானே கொண்டு வருவேன். படிச்சா வீடு. இல்லைன்னா பள்ளிக்கூடம்.”

அந்த அம்மா போனதும் சோபாக்காரர் ரேடியோவைக் கூட்டிக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். வாலின் படப் புத்தகத்தை எடுத்துத் தரையில் விரித்தார்.

“இது வாலோட புக்” என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“தெரியும். கடன் வாங்கியிருக்கேன்.”

அவள் படத்தைப் பார்த்தாள். “கப்பல்.”

அவர் படத்தின்மேல் உள்ளங்கையை வைத்தார். எழுத்து மட்டும் மிஞ்சியது.

வெளியே வால் கதவை உதைத்தான். “அப்பா! அக்கா ஸ்டேப்ளரை எடுக்கறா!” “இல்லப்பா, அவன்தான்!” என்றது கரகரத்த குரல். போன் வேறு அடித்தது. சோபாவை இன்றைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். அவர் கால் தானாக எழுந்திருக்கப் பார்த்தது. உட்கார்ந்திருந்தார்.

“ப…” என்றாள் ரேடியோ. விரல் நகர்ந்தது. “ட…”

அடுத்த எழுத்தில் விரல் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அவருக்கு நாக்கு அரித்தது. ஓர் எழுத்து, ஒரே ஓர் எழுத்து, சொல்லிவிட்டால் என்ன குடிமுழுகிவிடும்? வாயைத் திறந்தார்.

அவள் அவர் வாயைப் பார்க்கவில்லை. தலையைப் புத்தகத்துக்குள் இன்னும் தாழ்த்தி, ஒரு கையை மட்டும் அவர் பக்கம் நீட்டித் தடுத்தாள்.

“சொல்லாதப்பா.”