மூடியில்லாத சுண்ணாம்பு

எட்டாவது ரொட்டியும் கல்லில் விழுந்ததும் விளிம்பு வெடித்துக் கிழிந்தது. என் ஓரகத்தி எவுலாலியா அதைத் திருப்பக்கூட இல்லை. மக்காச்சோளம் எங்கள் வயலில் விளைந்தது, அரைத்தது வழக்கமான மில்லில். ஆனாலும் ஒரு மாதமாக மாவு நாளுக்கு நாள் உதிர்ந்துகொண்டே வந்தது.

"யாரோ மனசுல கோபத்த வச்சுக்கிட்டு மாவத் தொடறாங்க. பின்ன எப்படி ஒட்டும்?" என்றார் மாமியார் கிரெசென்சியா, அடுப்பைப் பார்த்தபடி.

மெக்சிகோவில் எங்கள் வஹாக்கா பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். யாரோ என்றால் யார் என்று மூவருக்கும் தெரியும். எவுலாலியா கல்யாணமாகி வந்து ஆறு வாரம். சனிக்கிழமை என் மகனுக்கு ஞானஸ்நானம், அறுபது பேர் சாப்பிட வருகிறார்கள்.

"சனிக்கிழமை நீ மாவுப் பக்கம் வர வேணாம்மா," என்றார் மாமியார் அவளிடம்.

மாமியார் கோழிகளைப் பார்க்கப் போனதும் எவுலாலியா கையைக் கழுவினாள். "நான் கோபமாவே இல்லக்கா. இப்பதான் கோபம் வருது. அம்மா வீட்டுக்குப் போறேன்."

"ஒரு நாள் இருடி," என்றேன்.

பள்ளியில் நான் வேதியியல் சொல்லித்தருகிறேன். எது எதோடு ஏன் ஒட்டுகிறது என்பதுதான் என் பாடம். சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டுத்தான் நாங்கள் அரைப்போம். சோளத்தின் தோலை ஒரு பசை பிடித்துவைத்திருக்கிறது. சுண்ணாம்புத் தண்ணீரின் காரம் அந்தப் பிணைப்புகளை அவிழ்த்துவிடும். தோல் கழன்று, பசை மாவோடு கலக்கும். சுண்ணாம்பிலுள்ள கால்சியத்துக்கு இரண்டு கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைக்கொன்றாகப் பசை இழைகளைப் பிடித்து முடிச்சுப் போடும். மற்றதைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு தண்ணீர் மூலக்கூறின் பிடியும் மிகத் தளர்வானது, தொட்டதும் விட்டுவிடும். ஆனால் கோடிக்கணக்கில் சேர்ந்து பிடிப்பதால் மாவு உருண்டையாக நிற்கிறது. சுண்ணாம்பு தன் வேலையைச் செய்யாவிட்டால் தண்ணீர் தனியாக என்ன செய்யும்?

ஊறிக்கொண்டிருந்த பானையைத் திறந்தேன். சுண்ணாம்பில் வெந்த வெள்ளைச் சோளம் மஞ்சளாக மாற வேண்டும்; இது வெள்ளையாகவே இருந்தது. தேய்த்தாலும் தோல் வரவில்லை.

அடுப்போரம் அகலமான மண்தட்டில் சுண்ணாம்பு இருந்தது. அதன்மேல் எலுமிச்சை பிழிந்தேன். பொங்கி நுரைத்தது.

"என்னக்கா அது?"

"நல்ல சுண்ணாம்பு நுரைக்காது. இது காத்துலயும் புகையிலயும் இருந்த கார்பன் டை ஆக்சைடக் கெட்டியாப் பிடிச்சுக்கிச்சு. இனி வேற எதையும் பிடிக்க அதுக்குக் கை இல்ல. இது வெறும் சாக்பீஸ் தூள்."

"இது எப்பவும் மூடி போட்ட டப்பாவுலதான் இருந்துச்சுன்னு அத்தை சொன்னாங்களே. அந்த டப்பா எங்க?"

டப்பா பள்ளியில் என் மேசைமேல் இருந்தது, பிள்ளைகள் வளர்க்கும் உப்புப் படிகங்களோடு. இரண்டு மாதத்துக்கு முன் சுண்ணாம்பைத் தட்டில் கொட்டிவிட்டு எடுத்துப் போனவள் நான்தான்.

மாமியாரிடம் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வாத்தியாரம்மா! ஊருக்கெல்லாம் பாடம் எடுத்துட்டு, வீட்டுக்கு ரெண்டு மாசமா சாக்பீஸா போட்ட?" பிறகு எவுலாலியா பக்கம் திரும்பினார். "மூஞ்சத் தூக்கிவச்சுக்காதடி. சந்தைக்குக் கிளம்பு."

சந்தையிலிருந்து சுட்ட சுண்ணாம்புக் கல் வாங்கிவந்து தண்ணீர் ஊற்றினோம். சீறியது, ஆவி விட்டது. அந்தச் சத்தத்தில் எனக்கு உயிர் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை வேகவைத்த சோளம் கண்ணெதிரே மஞ்சளானது. சனிக்கிழமை விடிந்ததும் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வந்தது.

மில்லிலிருந்து வந்த மாவில் முதல் உருண்டையை மாமியாரே எடுத்து எவுலாலியாவின் கையில் வைத்தார். அவள் தட்டினாள். விளிம்பு வெடிக்கவில்லை. கல்லில் போட்ட ரொட்டி நடுவில் மெல்ல உப்பி எழுந்தது.

"இப்ப கோபம் இருக்கா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் இருக்குக்கா. ஆனா ஒட்டுதே!"

உப்புப் படிகங்கள் இப்போது ஊறுகாய் ஜாடியில் வளர்கின்றன. டப்பா அலமாரிக்கு வந்துவிட்டது, உள்ளே புதிதாக நீற்றிய சுண்ணாம்பு, மேலே இறுக்கிய மூடி.